சீஆர் கொப்பியும் கலண்டரும்

திருகோணமலை உப்புவெளியில் மாமா நடத்தும் கெஸ்ட் ஹவுஸில் ஆறு அறைகள். நான் அங்கே வேலைக்குப் போன காலத்தில் அந்த ஆறு அறைகளின் கணக்கும் ஒரு சீஆர் கொப்பிக்குள் இருந்தது. மாமா அடிமட்டம் வைத்துக் கோடு போடுவார். இடது ஓரத்தில் திகதி, மேலே அறை இலக்கம், கட்டத்துக்குள் பென்சிலால் பெயர். யாராவது இரத்துச் செய்தால் அழிறப்பர். எங்கள் பக்கத்தில் மே தொடங்கி செப்டெம்பர் வரைதான் கடல் அடங்கிக் கிடக்கும். புறாமலைத் தீவுக்குப் படகு ஓடும், வெளிநாட்டுக்காரர் வருவார்கள். சீசன் முடியும்போது கொப்பியின் ஓகஸ்ட் பக்கம் அழித்து அழித்து ஓட்டை விழுந்திருக்கும்.

"இதையெல்லாம் கொம்பியூட்டரில போடலாம் மாமா" என்று சொன்னது நான்தான். அதற்குப் பிறகு நடந்த கூத்துக்கும் நான்தான் பொறுப்பு.

முதலில் கெஸ்ட் ஹவுஸ் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்குத் திறந்தேன். அதே கணக்கில் கூகுள் கலண்டருக்குள் ஆறு கலண்டர்கள் உருவாக்கி, அறைக்கு ஒரு நிறம் கொடுத்தேன். இந்த ஏற்பாட்டில் இன்றுவரை எனக்குக் குறையில்லை. எல்லாவற்றையும் ஒரே கலண்டரில் கொட்டினால் ஓகஸ்டில் திரை திருவிழாக் கடைத்தெரு போலாகிவிடும். அறைக்கு ஒன்று இருந்தால், இடது பக்கத்தில் மற்றப் பெயர்களின் முன்னுள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டு, வேண்டிய அறையை மட்டும் பார்க்கலாம். மாமா மூன்று நாளில் பழகிவிட்டார். கொப்பியை மட்டும் விடவில்லை.

பிழைத்தது வேறு இடத்தில். அறை பதிவு செய்யும் இரண்டு தளங்களில் எங்கள் அறைகளைப் போட்டிருந்தோம். அந்தத் தளங்கள் ஒவ்வோர் அறைக்கும் ஒரு கலண்டர் இணைப்புத் தரும். ஐசிஎஸ் வகை என்பார்கள். பார்க்க நீளமான ஒரு முகவரி. அதை எடுத்து கூகுள் கலண்டரில் முகவரி மூலம் சேர்க்கும் இடத்தில் ஒட்டினால், அங்கே விழும் பதிவுகள் இங்கேயும் தெரியும். ஒட்டினேன், தெரிந்தது. பெரிய வேலை முடித்த நிம்மதியில் அன்று தேத்தண்ணி இரண்டு குடித்தேன்.

ஒரு ஓகஸ்ட் வெள்ளிக்கிழமை. பிரெஞ்சுக்காரச் சோடி ஒன்று நேரடியாக ஈமெயிலில் நாலாம் நம்பர் அறை கேட்டது. கலண்டரைப் பார்த்தேன், வெறுமையாக இருந்தது. 'உங்களுக்காக அறை காத்திருக்கிறது' என்று அழகாக எழுதி அனுப்பினேன். அடுத்த நாள் மத்தியானம் மாமாவின் போன். "தம்பி, நாலாம் நம்பர் ரூமுக்கு ரெண்டு குடும்பம் வந்து நிக்குது. ஒண்டைக் கூரையில ஏத்துவமா?"

வியாழன் இரவே தளம் ஒன்றில் கண்டிக் குடும்பம் ஒன்று அந்த அறையை எடுத்துவிட்டிருந்தது. அது எங்கள் கலண்டருக்கு வந்து சேரவில்லை. தளம் உடனுக்குடன் தகவல் தள்ளிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் கூகுள் கலண்டர் தனக்கு நேரம் வரும்போதுதான் போய் அந்த முகவரியைப் பார்த்துவிட்டு வரும். அதற்குப் பல மணி நேரம் ஆகலாம். இடையில் எஃப்5 அடித்து அடித்து விரல் நொந்தாலும் திரைதான் புதிதாகும், வெளியிலிருந்து எடுக்கும் கலண்டர் புதிதாகாது. அன்று ஒழுங்கையின் அடுத்த முனையில் இருக்கும் விடுதிக்காரரிடம் கெஞ்சி ஓர் அறை எடுத்தோம். வித்தியாசக் காசு எங்களுடையது. மாமி பிரெஞ்சுக்காரருக்கு நண்டுக்கறியோடு சோறு போட்டு அனுப்பினார். அவர்கள் நல்ல விமர்சனம் எழுதினார்கள், நண்டைப் பற்றி.

அன்றிலிருந்து ஒரு முறை வைத்திருக்கிறோம். ஈமெயிலில் ஆம் என்று சொல்வதற்கு முன் இரண்டு தளங்களுக்கும் நேரே போய் அந்தத் திகதிகளை மூடிவிட வேண்டும். அதன் பிறகுதான் பதில். இது லேசாக நடக்கவேண்டுமென்றால் அந்தப் பக்கங்கள் எப்போதும் திறந்திருக்க வேண்டும். பிரவுசரில் டேப்பின் மேல் வலது கிளிக் செய்தால் 'பின்' செய்யும், அதாவது குத்தி வைக்கும், வசதி வரும். பின் செய்த டேப் சுருங்கி இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், தவறுதலாக மூடுவது குறையும். எங்கள் ஒழுங்கு எப்போதும் ஒன்றுதான்: முதலில் ஜிமெயில், இரண்டாவது கலண்டர், மூன்றாவதும் நாலாவதும் பதிவுத் தளங்கள். கன்ட்ரோல் விசையோடு 1 அழுத்தினால் மெயில், 2 அழுத்தினால் கலண்டர். மாமா மவுஸை வெறுப்பவர். இந்த எண் விசைகள் அவருக்கு மிகவும் பிடித்துப்போயின. அவர் அடிக்கடி தேவையானதையே மூடிவிடுவார். அதற்குக் கன்ட்ரோல், ஷிஃப்ட், டீ மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லிக்கொடுத்தேன். கடைசியாக மூடிய டேப் திரும்பி வரும்.

அடுத்த பிழை பார்வைக்குச் சின்னது, ஆனால் பாதி சீசன் காசைத் தின்றது. 10ஆம் திகதி வந்து 12ஆம் திகதி போகிறவர்களை, 10 முதல் 12 வரை முழுநாள் நிகழ்வாகப் போட்டேன். கலண்டர் 12ஐயும் சேர்த்து நிறம் பூசியது. எங்கள் கலண்டரின் இணைப்பைத் தளங்களுக்கும் கொடுத்திருந்தோம், அதனால் அவையும் 12ஆம் திகதி இரவை மூடிவிட்டன. ஆட்கள் காலமை பதினொரு மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அறை அன்றிரவு சும்மா கிடக்கும். சீசன் நடுவில் இப்படி ஏன் ஒவ்வோர் ஆளுக்கும் பின்னால் ஓர் இரவு ஓட்டையாகிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன்.

காரணம் இதுதான். ஐசிஎஸ் கோப்புக்குள் முழுநாள் நிகழ்வின் முடிவுத் திகதி என்பது நிகழ்வில் சேராத நாள். கூகுள் கலண்டரின் திரையில் நாம் தெரிவுசெய்யும் முடிவுத் திகதி நிகழ்வில் சேர்ந்த நாள். தளங்கள் தாமாக எழுதி அனுப்பிய பதிவுகள் சரியாகவே விழுந்தன. நான் கையால் போட்டவை மட்டும் ஒரு நாள் நீண்டன. இப்போது நாட்களை விட்டுவிட்டு இரவுகளை எழுதுகிறோம். 10ஆம் இரவு, 11ஆம் இரவு, அவ்வளவுதான். மாமாவின் கொப்பியில் இந்தப் பிழை ஒருநாளும் வந்ததில்லை. அவர் முதலிலிருந்தே 'ரெண்டு இரவு' என்றுதான் எழுதிவந்தார். அதை அவர் எனக்கு நினைவூட்டாத கிழமை கிடையாது.

திகதி பற்றி இன்னொன்று. அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மெயிலில் 05/07 என்று இருந்தது. நான் ஜூலை 5 என்று எடுத்தேன், அவர் சொன்னது மே 7. கலண்டர் அமைப்பில் மொழியை அமெரிக்க ஆங்கிலமாக விட்டிருந்தால் அதுவும் மாதத்தை முன்னால் வைத்தே காட்டும். பிரித்தானிய ஆங்கிலமாக மாற்றினால் நமக்குப் பழகிய ஒழுங்கு வரும். மெயிலில் மட்டும் மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதுங்கள். அதற்கு எந்த அமைப்பும் தேவையில்லை.

எங்கள் மேசையில் ஒரு கொம்பியூட்டர், பாவிப்பது மூன்று பேர். மாமா, நான், கம்பஸில் படிக்கும் மாமாவின் மகள். ஒரே பிரவுசரில் மூன்று ஜிமெயில் கணக்குகளையும் திறந்து வைத்திருந்தோம். ஒரு நாள் அவள் விரிவுரையாளருக்கு அனுப்பிய ஒப்படை கெஸ்ட் ஹவுஸ் கணக்கிலிருந்து போய்விட்டது. அடியில் எங்கள் கையொப்பம் இருந்தது: ஏசி அறை, ஏசி இல்லாத அறை, காலை உணவு சேர்த்து எவ்வளவு என்ற விபரத்தோடு. விரிவுரையாளர் 'கிடைத்தது, நன்றி. நான்கு பேருக்கு அறை உண்டா?' என்று பதில் போட்டிருந்தார். அவர் பகிடிக்கு எழுதினாரா, உண்மையிலேயே கேட்டாரா என்பதில் வீட்டுக்குள் இன்னும் இரண்டு கட்சி.

இதற்கு மருந்து, ஆளுக்கொரு பிரவுசர் புரொஃபைல். குரோமில் வலது மேல் மூலையில் உள்ள வட்டத்தை அழுத்திப் புதிய புரொஃபைல் சேர்க்கலாம். எட்ஜிலும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி ஜன்னல், தனி புக்மார்க், தனி பாஸ்வேர்ட், தனி நிறம். கெஸ்ட் ஹவுஸுக்குக் கடல் நீலம், அவளுக்கு ஊதா. எந்த நிறம் கண்ணில் படுகிறதோ அதற்கேற்ற கணக்கில்தான் எழுதுகிறோம் என்று கைக்கும் தெரிந்துவிடுகிறது. இன்னொரு தொல்லையும் இதோடு போனது. ஒரே ஜன்னலில் பல கணக்குகள் இருந்தால், முதலில் உள்நுழைந்த கணக்கைத்தான் கூகுள் பெரும்பாலும் முதன்மையாக எடுக்கும். மெயிலில் வந்த கலண்டர் இணைப்பை அழுத்தினால் அது அந்த முதல் கணக்கில் திறந்து, 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று முகத்தைத் திருப்பும். அனுமதி இருந்தது, கதவுதான் வேறு.

டவுனில் கொமினிகேஷன் கடைக்குப் போய் பிரின்ட் எடுப்பவர்களுக்கு: பிரவுசரின் தனிப்பட்ட (இன்கொக்னிட்டோ) ஜன்னலில் திறந்து, வேலை முடிந்ததும் அந்த ஜன்னலையே மூடிவிடுங்கள். நான் ஒருமுறை வெளியேறாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து ஜிமெயில் பக்கத்தின் அடியில், வலது ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் 'விபரங்கள்' என்பதைத் திறந்து, மற்ற எல்லா இடங்களிலிருந்தும் வெளியேற்றினேன். இரவு ஒன்பது மணிக்குக் கடைக்கு ஓடத் தேவையிருக்கவில்லை.

நேரத்துக்கு வருகிறேன், இதில் எங்கள் ஊர்க்காரருக்குப் பழைய அனுபவம் உண்டு. 1996 மே மாதம் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில் மறுபடியும் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னான பழைய நேரத்துக்கே திரும்பியது. இடைப்பட்ட பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் பழைய நேரமே ஓடியது. ஆகவே சம்பூர்ப் பக்கத்தில் கலியாணம் என்றால் எங்கள் வீட்டில் முதல் கேள்வி, "புது நேரமோ பழைய நேரமோ?" என்பதுதான். மாமா இன்றும் ஒன்லைன் சந்திப்பு என்றால் அதே கேள்வியைக் கேட்பார். நானும் முதலில் சிரித்தேன்.

லண்டனில் இருக்கும் அக்காவுக்குக் கெஸ்ட் ஹவுஸில் பங்கு உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு, அவருக்குக் காலை 10 மணி, எங்களுக்குப் பின்னேரம் 3.30. கலண்டரில் மாதாமாதம் வரும்படி நான் போட்டேன். ஏப்ரல் மாதம் அக்கா கமராவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் தனியாக இருந்திருக்கிறார். மார்ச் கடைசி ஞாயிறோடு அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போய்விட்டது. அவருடைய 10 மணி இப்போது எங்களுக்கு 2.30. திரும்பி வருவது ஒக்டோபர் கடைசி ஞாயிறு. கனடாவின் டொரொன்டோவிலும் இப்படித்தான், ஆனால் அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னே போய், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே வரும். ஆகவே லண்டன் சொந்தமும் டொரொன்டோ சொந்தமும் ஒன்றாகப் பேசும் குடும்பங்கள் மார்ச் மாதத்தில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்.

திரும்பத் திரும்ப வரும் நிகழ்வு, அதை எந்த நேர வலயத்தில் உருவாக்கினோமோ அந்த வலயத்தில்தான் அசையாமல் நிற்கும். நான் கொழும்பு நேரத்தில் போட்டதால் எங்களுக்கு எப்போதும் 3.30, அக்காவுக்குத்தான் மாறியது. அக்காவின் பத்து மணி அசையக்கூடாது என்றால் நிகழ்வின் நேரத்துக்குப் பக்கத்தில் உள்ள நேர வலயம் என்பதை அழுத்தி லண்டனைத் தெரிவுசெய்ய வேண்டும், அல்லது அக்காவே உருவாக்கி எங்களை அழைக்க வேண்டும். இரண்டாவதைச் செய்தோம். கூடவே, கலண்டர் அமைப்பில் இரண்டாவது நேர வலயத்தையும் காட்டச் சொன்னால் இடது ஓரத்தில் இரண்டு வரிசையாக மணி தெரியும். மாமாவின் கேள்விக்கு இப்போது திரையே பதில் சொல்கிறது. விண்டோஸில் நேர வலயம் தேடுகிறவர்கள் பட்டியலில் கொழும்பு இல்லையே என்று பதற வேண்டாம், ஸ்ரீ ஜயவர்த்தனபுர என்று தேடுங்கள்.

2022இல் கரண்ட் வெட்டிய காலம் நினைவிருக்கும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை போனது. லப்டொப்பில் சார்ஜ் இருக்கும், ரவுட்டர் செத்துக் கிடக்கும், போன் சிக்னலும் போய்ப் போய் வரும். ஜிமெயிலின் ஒஃப்லைன் வசதியை அப்போதுதான் கண்டுபிடித்தேன். அமைப்புகளில் அதற்கென்று ஒரு பகுதி உண்டு. 7, 30, 90 நாட்களில் எவ்வளவு மெயிலைக் கொம்பியூட்டரில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கும். 30 கொடுத்தேன். இணையம் இல்லாதபோதும் பழைய மெயில்களைத் தேடலாம், பதில் எழுதி அனுப்பலாம். அது வெளிச்செல்லும் பெட்டியில் காத்திருந்து, சிக்னல் வந்ததும் போகும். நம் சொந்த மெஷினில் மட்டும் இதைச் செய்ய வேண்டும், மெயில்கள் அதற்குள்ளேயே தங்கும் என்பதால்.

கரண்ட் செய்த இன்னொரு வேலை. மேசைக் கொம்பியூட்டர் ஒரு காலமை ஜிமெயிலைத் திறக்கவே மறுத்தது. நான் ரவுட்டரைத் திட்டினேன், பிரவுசர் சேமித்து வைத்த கேஷை அழித்தேன், பிரவுசரையே நீக்கிவிட்டு மறுபடி போடலாமா என்று யோசித்தேன். திரையில் எழுதியிருந்ததை மட்டும் வாசிக்கவில்லை. 'உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது' என்று அது வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. மெஷினின் திகதி 2009 ஜனவரி 1. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கு இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதிவரை என்று ஆயுள் உண்டு. 2009இல் நிற்கும் மெஷினுக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை. கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓடவைக்கும், உள்ளே இருக்கும் நாணயம் போன்ற பட்டரி செத்திருந்தது. அதன் பெயர் சீஆர் 2032. கடையில் வாங்கிவந்தபோது மாமா, "பாத்தியா, கடைசியில சீஆர்தான் காப்பாத்துது" என்றார்.

தமிழ் மெயில்களுக்கு இரண்டு விஷயம். அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த கடிதம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரிந்தது. அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது, யூனிகோட் இல்லை. பிரவுசரில் என்ன அமைப்பை மாற்றினாலும் திருந்தாது. பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் பக்கங்கள் இணையத்தில் உண்டு, ஆனால் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு உள்ள கடிதத்தை ஏதோ ஒரு பக்கத்தில் கொண்டுபோய் ஒட்ட எனக்கு மனமில்லை. பீடிஎஃப் ஆக அனுப்பச் சொல்லிக் கேட்டுவிடுவேன். இரண்டாவது, தேடல். ஜிமெயில் முழுச் சொல்லைத்தான் தேடும். மெயிலில் 'நிலாவெளியில்' என்று இருந்தால் 'நிலாவெளி' என்று தேடி எடுப்பது சந்தேகம். நம் மொழியோ வேற்றுமை உருபு ஒட்டாமல் ஒரு வசனம் நகராது. ஆகவே சொல்லை விட்டுவிட்டு, தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள சின்னத்தை அழுத்தி, அனுப்பியவர், திகதி, இணைப்பு உள்ளதா என்பதை வைத்துத் தேடுகிறேன்.

போன சீசனில் ஒரு மெயில். விருந்தினரின் அட்டை செல்லுபடியாகவில்லை, 12 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்துங்கள், இல்லாவிட்டால் பதிவு இரத்து. கீழே இணைப்பு. தளத்தின் நிறம், எழுத்து, எல்லாம் அச்சு அசல். அழுத்தியும்விட்டேன். உள்நுழையும் பெட்டி வந்தது, ஆனால் வழக்கமாகப் பிரவுசர் தானாக நிரப்பும் பாஸ்வேர்ட் வரவில்லை. அங்கேதான் கை நின்றது. பிரவுசர் நிறத்தைப் பார்த்து ஏமாறாது, முகவரியைத்தான் பார்க்கும். ஒரு எழுத்து மாறினாலும் நிரப்பாது. முகவரியை உற்றுப் பார்த்தேன், நடுவில் ஒரு கோடு கூடுதலாக இருந்தது. மூடிவிட்டு, பின் செய்த டேப்பில் போய்ப் பார்த்தால் அங்கே அட்டைப் பிரச்சினை எதுவும் இல்லை. தானாக நிரம்பாத இடத்தில் கையால் அடிக்கக் கூடாது என்று மேசையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஜிமெயில் அமைப்புகளில், அனுப்பியதைத் திரும்ப இழுக்கும் நேரத்தை 5 விநாடியிலிருந்து 30 ஆக்குங்கள். எனக்குப் பிழை எப்போதும் எட்டாவது விநாடியில்தான் தெரிகிறது.

இலங்கை விடுமுறைகள் கலண்டரையும் சேர்த்து வைத்திருக்கிறோம். பௌர்ணமி நாளான போயா தினத்தில் மதுக்கடை பூட்டு; முதல் நாளே விருந்தினருக்குச் சொல்லாவிட்டால் இரவு எட்டு மணிக்கு மாமாதான் விளக்கம் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மாமி, மாமாவின் அப்பாவின் திவசத்தையும் கலண்டரில் போடச் சொன்னார். போட்டேன், வருடாவருடம் என்று. அடுத்த வருடம் நினைவூட்டல் வந்தது, மாமி பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். திதி சந்திரனைப் பார்த்து வருவது, ஆங்கிலத் திகதியில் ஒவ்வொரு வருடமும் வேறு நாளில் விழும். கூகுள் கலண்டரின் 'வருடாவருடம்' அதற்கு உதவாது. பிறந்தநாளுக்குச் சரி, திவசத்துக்குச் சரிவராது. இப்போது ஒவ்வொரு வருடமும் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் மாமி வாசிப்பார், நான் அந்த வருடத்துக்கு மட்டும் போடுவேன். இந்த முறை வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நாளும் திருக்கணிதப் பஞ்சாங்கம் மறுநாளும் சொன்னது. எதைப் போட என்று கேட்டேன்.

"ஐயரிட்டக் கேட்டுச் சொல்லுறன். அதுவரைக்கும் ரெண்டையும் போட்டு வை" என்றார்.

போட்டு வைத்திருக்கிறேன், இரண்டுக்கும் பின்னால் ஒரு கேள்விக்குறியோடு. மாமா தன் கொப்பியில் பென்சிலால் எழுதியிருக்கிறார்.